டெக் பலகை இடுக்கு வழியே கீழ்வீட்டில் தண்ணீர் சொட்டுகிறது, மேலே எதை விரிக்கலாம்?

மொரிஸ்வில்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது வட கரோலினாவில் ராலே பக்கம், மொரிஸ்வில்லில். மூன்று மாடி மர அபார்ட்மென்ட், நடு மாடி எங்களுடையது. பின்பக்கம் பத்தடிக்கு ஆறடியில் ஒரு டெக் இருக்கிறது. கான்கிரீட் இல்லை, முழுக்கப் பைன் பலகை. பலகைக்குப் பலகை கால் அங்குலம் இடுக்கு விட்டு அடித்திருக்கிறார்கள், சில இடத்தில் அதற்கு மேலேயும் இருக்கும், குவார்ட்டர் காசு கைதவறினால் நேராகக் கீழ்வீட்டுக்குப் போய்விடும். கீழே வயதான தம்பதி. எங்கள் டெக்குக்கு நேர் கீழே இருக்கிற அவர்கள் பேட்டியோவில் (தரையோடு உள்ள திறந்த முற்றம்) மேசை நாற்காலி போட்டுத் தினமும் காலையில் காப்பியோடு உட்காருவார்கள்.

எங்கள் டெக்கில் கறிவேப்பிலை, துளசி, மல்லிகை, தக்காளி என்று வரிசையாகத் தொட்டிகள். ஊரிலிருந்து அத்தை வந்திருக்கிறார், அவருக்கு விடிந்ததும் வாசல் தெளித்துக் கோலம் போட்டாக வேண்டும். முன்பக்கம் நாலு வீட்டுக்கும் பொதுவான நடை, அங்கே எதுவும் செய்யக்கூடாது என்று லீஸிலேயே இருக்கிறது, அதனால் டெக்கில்தான் தண்ணீர் தெளித்து அரிசிமாவில் கோலம் போடுகிறார். இரண்டு வயது மகள் வேறு, கையில் கிடைக்கும் எல்லாவற்றையும் அந்த இடுக்கில் திணித்துப் பார்ப்பாள்.

போன வாரம் கீழ்வீட்டு அம்மா வந்து கதவைத் தட்டினார். சண்டையெல்லாம் போடவில்லை. மேசை விரிப்பில் மண்தண்ணீர் சொட்டிய கறையைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தார், "மழை என்றால் புரியும், நல்ல வெயில் நாளில் தலையில் விழுகிறதே" என்று மட்டும் சொன்னார். எனக்கு மனசே சரியில்லை. டெக் முழுவதையும் எதையாவது போட்டு மூடிவிடலாம் என்று பார்க்கிறேன். அவுட்டோர் கார்ப்பெட், வினைல் ஷீட், ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் டெக் டைல், செயற்கைப் புல் இதெல்லாம் கடையில் இருக்கிறது. வாடகை வீடு, ஆணி அடிக்க முடியாது. எது சரியாக வரும்? போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

டர்ஹம்_வாடகைக்காரர்:

நாங்கள் கனமான தார்பாய் விரித்து நாலு ஓரத்தையும் மடித்துத் தூக்கிக் கட்டி, அதன் மேல் செயற்கைப் புல் போட்டிருக்கிறோம். பார்க்கவும் நன்றாக இருக்கிறது, குழந்தைகள் வெறுங்காலோடு விளையாடுகிறார்கள். கீழே ஒரு சொட்டு இறங்குவதில்லை. மொத்தமே நூறு டாலருக்குள் முடிந்தது. யோசிக்காமல் போடுங்கள்.

மரத்தச்சன்_ராலே:

தயவுசெய்து தார்பாய் மட்டும் போடாதீர்கள். டர்ஹம் நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. நான் பல வருஷமாக இங்கே டெக் கட்டுகிற, பழைய டெக்கைப் பிரித்துப் போடுகிற வேலையில் இருக்கிறேன்.

இடுக்கு விட்ட டெக்கை மட்டமாகத்தான் கட்டுவார்கள். தண்ணீர் இடுக்கில் இறங்கிவிடும் என்பதால் வாட்டம் கொடுக்கத் தேவையில்லை. இதுவே தண்ணீர் இறங்காத மூடிய தரையாக இருந்தால் ஒரு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் கொடுத்தாக வேண்டும், இங்குள்ள கட்டட விதியும் அதைத்தான் கேட்கிறது. உங்கள் டெக் ஆறடி ஆழம் என்றால் வீட்டுச் சுவரிலிருந்து வெளி ஓரத்துக்கு ஒன்றரை அங்குலம் இறங்கியிருக்க வேண்டும். அது உங்களிடம் இருக்காது. மட்டமான தரையில் ஷீட்டைப் போட்டு மூடினால் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு மூலையில் தேங்கும், இல்லாவிட்டால் ஸ்லைடிங் கதவின் வாசற்படியைத் தாண்டி வீட்டுக்குள் வரும், அதுவும் இல்லையென்றால் ஏதோ ஓர் ஓரத்தில் மொத்தமாகச் சேர்ந்து கீழே கொட்டும். இத்தனை நாள் பரவலாகச் சொட்டியது அப்புறம் ஒரே இடத்தில் அருவியாக விழும், கீழே இருப்பவர்களுக்கு இதில் என்ன நிம்மதி? ஓரத்தை மடித்துக் கட்டினால் தொட்டி கட்டின கதைதான். பத்துக்கு ஆறு டெக்கில் ஒரே ஒரு அங்குலம் தண்ணீர் நின்றால் அதன் எடை 300 பவுண்டுக்கு மேல். நல்ல நிலையில் இருக்கிற டெக் அந்த எடையைத் தாங்கிவிடும், அதை வைத்துப் பயமுறுத்த வரவில்லை.

எனக்குப் பயம் ஈரத்தைப் பற்றித்தான். மரம் நனைவதால் மட்டும் கெடாது, நனைந்தது காயாமல் போனால்தான் கெடும். மரத்துக்குள் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் வரை அதைத் தின்னும் பூஞ்சை வளர முடியாது. மழை பெய்து விட்டதும் இடுக்கில் காற்று போய்ப் பலகை சீக்கிரம் உலர்கிறது, அந்த இடுக்கு இருப்பதே இதற்காகத்தான். மேலே தார்பாய், அதன் மேல் புல் என்று மூடிவிட்டால் பக்கவாட்டிலும் திருகு ஓட்டையிலும் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியே இல்லை. "பிரஷர் ட்ரீட்டட் மரம்தானே, மருந்து ஏற்றியதுதானே" என்று கேட்பார்கள். மருந்து எல்லா இடத்திலும் நடுமரம் வரை போவதில்லை. பலகைக்குக் கீழே குறுக்கே ஓடுகிற ஜாய்ஸ்ட் கட்டையின் மேல்விளிம்பில் வரிசையாகத் திருகு இறங்கியிருக்கும், ஒவ்வொரு திருகு ஓட்டையும் தண்ணீர் உள்ளே போகிற வழி. நான் பிரித்த பழைய டெக்குகளில் மேல்பலகை பார்க்க நன்றாக இருக்கும், அதைத் தூக்கினால் கட்டையின் மேல் ஓரம் பழுப்பாகி, விரலால் அழுத்தினாலே ஈரக்கேக் மாதிரி உள்ளே போகும். இன்னும் மோசமான இடம் வீட்டுச் சுவரோடு போல்ட் போட்டுப் பிணைத்திருக்கிற கட்டை. அங்கே தகடு சரியாக வைக்காமல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தால் டெக் மொத்தமாகச் சுவரைவிட்டுப் பிரிந்து வரும். டெக் சரிந்து விழும் விபத்துகளில் அடிக்கடி பார்க்கிற காரணம் இந்த இணைப்புதான்.

கலிபோர்னியாவில் பெர்க்லியில் 2015 ஜூன் 16-ஆம் தேதி ஒரு அபார்ட்மென்ட் பால்கனி இடிந்து விழுந்தது பலருக்கு நினைவிருக்கும். பிறந்தநாள் விருந்துக்கு வந்த இளைஞர்கள், 6 பேர் இறந்தார்கள், 7 பேருக்குப் படுகாயம். அது இடுக்கு விட்ட டெக் இல்லை, மேலே மூடிய பால்கனி. உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் கட்டைகள் உளுத்துப் போயிருந்தன, வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் 2018-இல், மூன்று அல்லது அதற்கு மேல் வீடுகள் உள்ள வாடகைக் கட்டடங்களில் மரத்தால் தாங்கிய பால்கனிகளை 6 வருஷத்துக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும் என்று அங்கே சட்டம் கொண்டு வந்தார்கள். உங்கள் டெக்குக்கும் அதே கதி வரும் என்று நான் சொல்லவில்லை. கீழ்வீட்டாருக்குத் தண்ணீர் படக்கூடாது என்று நினைத்து அவர்கள் தலைக்கு மேலே இருக்கிற கட்டையை உளுக்க விடக்கூடாது, அவ்வளவுதான்.

நீங்கள் கேட்ட மற்ற சரக்குகள். அவுட்டோர் கார்ப்பெட் தண்ணீரை நிறுத்தாது, கொஞ்ச நேரம் தாமதப்படுத்தும், அப்புறம் அதே தண்ணீர் அழுக்கோடு சேர்ந்து இறங்கும். ரப்பர் அடிப்பாகம் உள்ளது வேண்டவே வேண்டாம், பலகையில் கறை பிடிக்கும். கோத்துக்கொள்ளும் டெக் டைல் பரவாயில்லை, அடியில் பிளாஸ்டிக் கால் இருப்பதால் காற்று போகும். அதுவும் தண்ணீரை விடும், ஆனால் குழந்தை திணிக்கிற சாமான், சருகு, சோற்றுப்பருக்கை இதெல்லாம் நேரே கீழே போகாமல் தடுக்கும். மாதம் ஒரு முறை தூக்கி அடியில் பெருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியிலேயே மண் சேர்ந்து ஈரம் பிடித்துக்கொள்ளும். கல் டைல், பேவர் பக்கம் போகாதீர்கள். இரண்டு அங்குலக் கான்கிரீட் கல் சதுர அடிக்கு 20 பவுண்டுக்கு மேல் வரும், நிரந்தரமாக அவ்வளவு எடையை அந்த டெக்கில் ஏற்ற உங்களுக்கு யாரும் அனுமதி தர மாட்டார்கள்.

மழைத்தண்ணீரையும் சேர்த்து நிறுத்த வேண்டுமென்றால் சரியான வேலை கீழ்ப்பக்கத்தில்தான் இருக்கிறது. ஜாய்ஸ்ட்டுகளுக்கு அடியில் வாட்டமாகத் தகடு அடித்து, வெளி ஓரத்தில் மழைநீர்க் குழாயில் கொண்டுபோய் விடும் அமைப்பு இருக்கிறது. மேலே இடுக்கு அப்படியே இருக்கும், மரம் மூச்சு விடும், கீழ்வீட்டு பேட்டியோவுக்குக் கூரை கிடைத்த மாதிரி இருக்கும். காற்று போக வழி விட்டு, கட்டையைச் சோதிக்கத் தகட்டைக் கழற்றும் மாதிரி போட வேண்டும். இதைக் கட்டட உரிமையாளர்தான் செய்ய முடியும், வாடகைக்கு இருப்பவர்கள் தொடவே கூடாது. ஆபீஸுக்கு எழுதிக் கேளுங்கள். கீழ்வீட்டாரும் சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது.

மொரிஸ்வில்வாசி:

இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு மிக்க நன்றி அண்ணா. தார்பாய் யோசனையை விட்டுவிட்டேன். ஆனால் பிரச்சினை அப்படியே நிற்கிறதே. மழைக்கு அவர்களே ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்கு மேலேயும் ஒரு வீடு இருக்கிறது, மழை பெய்தால் அவர்கள் டெக் வழியாக எங்கள் தலையிலும்தான் சொட்டுகிறது. நான் நிறுத்த வேண்டியது செடிக்கு ஊற்றும் தண்ணீர், அத்தை தெளிக்கும் தண்ணீர், குழந்தை போடும் சாமான் இந்த மூன்றும்தான். அடித்தட்டு வைத்திருக்கிறேன், அப்படியும் வழிகிறது. அத்தையிடம் தெளிக்க வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை, அவருக்கு இங்கே மனசுக்குப் பிடித்த வேலை அது ஒன்றுதான்.

பச்சைத்தொட்டி:

அடித்தட்டு வைத்தும் வழிகிறது என்றால் பெரும்பாலும் தொட்டிமண் வறண்டு போயிருக்கும். கடையில் வாங்கும் தொட்டிமண்ணில் பாதிக்கு மேல் பீட் பாசிதான், சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி. அது நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உறிஞ்சாது, தள்ளிவிடும். மண் சுருங்கித் தொட்டிச் சுவரிலிருந்து விலகி நிற்கும், நீங்கள் ஊற்றும் தண்ணீர் வேர்ப்பக்கமே போகாமல் அந்த விலகலில் சரசரவென்று இறங்கி அடி ஓட்டை வழியாக வெளியே வந்துவிடும். தட்டு நிறைந்து வழியும், செடியோ வாடியே இருக்கும், நீங்கள் இன்னும் ஊற்றுவீர்கள். அந்த மண்தண்ணீர்தான் அவர்கள் மேசை விரிப்பில் விழுந்தது.

முதலில் ஒரு டம்ளர் மட்டும் மேலே சுற்றி ஊற்றிப் பதினைந்து நிமிஷம் விடுங்கள். மண் நனைந்து உப்பி மறுபடி தொட்டியோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பூவாளியில் மெதுவாக ஊற்றுங்கள். ஓட்டையில் முதல் சொட்டு வந்ததும் நிறுத்திவிடுங்கள். ஹோஸ் பைப் பக்கமே போக வேண்டாம். ரொம்பக் காய்ந்துபோன சின்னத் தொட்டியைக் குளியலறைத் தொட்டியில் நாலு அங்குலத் தண்ணீரில் அரைமணி நேரம் உட்கார வைத்து, சொட்டு நின்றதும் வெளியே கொண்டு போய் வையுங்கள்.

தொட்டிக்கு ஒரு தட்டு என்று வைப்பதை விட, வாஷிங் மெஷினுக்கு அடியில் வைக்கிற பிளாஸ்டிக் ட்ரே வாங்குங்கள். வீட்டுச் சாமான் கடை எதிலும் கிடைக்கும், இரண்டரை அங்குலம் உயரம் ஓரம் இருக்கும், நாலைந்து தொட்டியை ஒன்றாக வைக்கலாம். சிலதில் வடிகால் ஓட்டை இருக்கும், ஓட்டை இல்லாததாகப் பார்த்து வாங்க வேண்டும். அதையும் பலகையோடு ஒட்ட வைக்காதீர்கள், தச்சர் அண்ணா சொன்ன அதே காரணம்தான். அடியில் தொட்டிக்கு வைக்கும் சின்ன ரப்பர் கால்கள் நாலைந்து கொடுத்துத் தூக்கி வையுங்கள். மழை பெய்தால் ட்ரேயும் நிறையும், அதனால் மழைக்கு அப்புறம் ஒரு முறை பழைய துண்டை வைத்து ஒற்றி வாளியில் பிழிந்துவிடுங்கள். தேங்க விட்டால் கொசு வரும். நம் பக்கம் பகலில் கடிக்கிற புலிக்கொசு நிறைய இருக்கிறது, அதற்குத் தட்டில் இருக்கும் கொஞ்சம் தண்ணீரே போதும், முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான். தண்ணீர்ப் பிரச்சினையைத் தீர்த்துக் கொசுவைக் கீழே அனுப்பி வைத்ததாக ஆகிவிடக் கூடாது.

கறிவேப்பிலை பெரிய தொட்டியில் இருக்கிறதா? அடியில் தண்ணீர்த் தேக்கம் உள்ள, தானே ஈரம் இழுத்துக்கொள்ளும் தொட்டிக்கு தக்காளியை மட்டும் மாற்றுங்கள், தக்காளிதான் தினமும் தண்ணீர் கேட்கும். அந்தத் தொட்டியில் பக்கவாட்டில் வழிவதற்கு ஒரு துளை இருக்கும், அது ட்ரேக்கு உள்ளே பார்த்த மாதிரி திருப்பி வையுங்கள். கறிவேப்பிலைக்கு அந்தத் தொட்டி ஒத்துவராது, அதற்கு நடுவில் மண் காய வேண்டும், வேர் எப்போதும் ஈரத்தில் இருந்தால் இலை மஞ்சளாகிக் கொட்டிவிடும்.

கீழ்த்தளம்_கேரி:

நான் இந்த விஷயத்தில் மறுபக்கம். தரைத்தளத்தில் இருக்கிறேன், தலைக்கு மேலே இதே மாதிரி டெக். மேலே இருப்பவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, ஆனால் மேலே இருந்து பார்த்தால் கீழே என்ன நடக்கிறது என்று உண்மையிலேயே தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

தண்ணீர் விழுவதை விட எப்போது விழும் என்று தெரியாததுதான் கஷ்டம். சனிக்கிழமை காலை யாரையோ சாப்பிடக் கூப்பிட்டு மேசையில் இட்லியை வைத்து மூடியைத் திறக்கும் நேரத்தில் சொட்டும். எந்த நேரத்தில் ஊற்றுவார்கள் என்று தெரிந்தால் அந்த அரைமணி நேரம் நாற்காலியை உள்ளே இழுத்து வைத்துக்கொள்வேன், ஒரு வருத்தமும் கிடையாது. எங்கள் மேல்வீட்டில் இப்போது இருப்பவர்கள் குடிவந்த முதல் வாரமே இறங்கி வந்து "ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் செடிக்கு ஊற்றுவோம், டெக் கழுவுகிற நாளுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறோம்" என்றார்கள். அதற்கப்புறம் எனக்குப் புகார் என்று எதுவும் இல்லை. நீங்கள் எதை வாங்கி விரிப்பதற்கும் முன்னால் அவர்கள் பேட்டியோவுக்குப் போய் ஒரு நிமிஷம் நின்று அண்ணாந்து பாருங்கள். எந்தத் தொட்டி அவர்கள் மேசைக்கு நேர் மேலே இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். அந்தத் தொட்டியை இரண்டடி தள்ளி வைத்தாலே பாதி முடிந்துவிடும்.

இன்னொன்று மகரந்தம். மார்ச், ஏப்ரலில் இங்கே பைன் மகரந்தம் எல்லாவற்றையும் மஞ்சளாக்கிவிடும், உடனே ஆளாளுக்கு ஹோஸ் பிடித்து டெக்கைக் கழுவுவார்கள். அந்த மஞ்சள் சேறு முழுவதும் கீழே இருப்பவர்களின் குஷன் மேல்தான் இறங்குகிறது. துணியில் காய்ந்தால் போகவே போகாது. தயவுசெய்து முதலில் உலர்ந்த விளக்குமாற்றால் முறத்தில் வாரி எடுங்கள், மிச்சத்தை நன்றாகப் பிழிந்த மாப்பால் துடையுங்கள். பெருக்கும்போதும் இடுக்கை ஒட்டிப் பலகையின் நீளவாக்கில் பெருக்குங்கள், குறுக்கே பெருக்கினால் பாதி இடுக்கில் விழுந்துவிடும்.

கோலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அரிசிமா எனக்குப் பிடிக்கும், நானும் மதுரைக்காரிதான். ஆனால் மேலே இருந்து மாவு கொட்டினால் கீழே எறும்பு வரிசை கட்டும், அதன் காரணம் அவர்களுக்குப் புரியவே புரியாது. அத்தையிடம் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் பலகை ஒன்று வாங்கி, கறுப்புப் பெயின்ட் அடித்து ஓரத்தில் மெல்லிய மரச்சட்டம் வைத்துக் கொடுங்கள். அதை ஈரத்துணியால் துடைத்துவிட்டு அவர் அதன்மேல் போடட்டும். முடிந்ததும் கதவை ஒட்டி வைத்தால் வாசலில் இருக்கிற மாதிரியே இருக்கும், சாயங்காலம் மாவை அப்படியே தொட்டியில் தட்டாமல் குப்பையில் கொட்டிவிடலாம். என் அம்மா வந்திருந்தபோது இப்படித்தான் செய்தோம். புள்ளி வைக்கச் சொரசொரப்பாக இருக்கட்டும் என்று பெயின்டில் கொஞ்சம் மணல் கலந்தோம், தரையை விட இது நன்றாக வருகிறது என்றுகூடச் சொன்னார்.

டர்ஹம்_வாடகைக்காரர்:

தச்சர் அண்ணாவுக்கு ஒரு கேள்வி. எங்கள் தார்பாய் போட்டு இரண்டு வருஷம் ஆகப் போகிறது. அடியில் எப்படி இருக்கிறது என்று நானே பார்க்க முடியுமா? ஆபீஸுக்குச் சொன்னால் டெப்பாசிட்டில் பிடிப்பார்களோ என்று மனைவி பயப்படுகிறார்.

மரத்தச்சன்_ராலே:

முடியும். வெயில் நாளாகப் பார்த்து எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், ஒரு வாரமாவது காயட்டும். பலகை கறுத்திருப்பது, பச்சைப் பாசி இருப்பது இதெல்லாம் மேலோட்டமாக இருந்தால் போய்விடும். ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் பலகை ஓரத்தில், திருகுகள் இருக்கும் வரிசையில், சுவரை ஒட்டிய பக்கத்தில் அழுத்திப் பாருங்கள். நல்ல மரம் உள்ளே விடாது, கீறினால் நீளமான சிம்பாக வரும். உளுத்த மரத்தில் முனை கால் அங்குலம் சுலபமாக இறங்கும், சின்னச் சின்னக் கட்டியாக உடையும். திருகுத் தலை துருப்பிடித்துப் பலகையை விட்டுத் தளர்ந்திருந்தாலும் கவனியுங்கள். 2003 முடிவோடு வீட்டு மரத்துக்கு ஆர்சனிக் கலந்த மருந்தை நிறுத்தி, செம்பு அதிகமுள்ள மருந்துக்கு மாறினார்கள். அந்தச் செம்பு சாதாரண இரும்பை ஈரத்தில் சீக்கிரம் அரித்துவிடும், அதனால் துத்தநாகம் நன்றாக ஏறிய திருகோ ஸ்டெயின்லெஸ்ஸோதான் போட வேண்டும், எல்லோரும் அப்படிப் போடுவதில்லை.

எங்காவது முனை இறங்கினால் அன்றைக்கே ஆபீஸுக்கு எழுதுங்கள், டெப்பாசிட்டை நினைத்துத் தள்ளிப் போடாதீர்கள். டெக் ஆடினாலோ, சுவர்ப் பக்கம் இடைவெளி தெரிந்தாலோ யாரையும் அதில் கால் வைக்க விடாதீர்கள், கீழ்வீட்டாரிடமும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் கட்டடம் 2004-க்கு முன்னால் கட்டியது, டெக்கும் அதே பழைய மரம் என்றால் இன்னொன்றும் இருக்கிறது. அது ஆர்சனிக் மருந்து ஏற்றிய மரமாக இருக்கலாம். குழந்தை அதில் விளையாடினால் சாப்பிடும் முன் கை கழுவ வையுங்கள், வடகம் வற்றலை நேரடியாகப் பலகையில் துணி விரித்துக் காயப்போடாதீர்கள், மேசை மேல் வைத்துக் காயப்போடுங்கள்.

மொரிஸ்வில்வாசி:

நிறையத் தெளிவு கிடைத்தது. நேற்று சாயங்காலம் கீழே போய் அவர்களோடு நின்று அண்ணாந்து பார்த்தேன், தக்காளித் தொட்டி இரண்டும் சரியாக அவர் நாற்காலிக்கு மேலே இருந்தன. அவற்றை மூலைக்கு மாற்றியாயிற்று. ராத்திரி ஒன்பதரைக்கு மேல் ஊற்றுகிறோம் என்று சொன்னேன், அவர்கள் எட்டு மணிக்கே உள்ளே போய்விடுவார்களாம், எட்டரையே போதும் என்றார்கள். வாஷிங் மெஷின் ட்ரே இரண்டு வாங்கிவிட்டோம். அத்தைக்குக் கோலப்பலகை யோசனை பிடித்திருக்கிறது, ஆனால் இரண்டடி போதாது, மூன்றடி வேண்டும் என்கிறார்! லீசிங் ஆபீஸுக்கும் எழுதினேன். டெக் டைல் போட்டுக்கொள்ளலாம், திருகும் பசையும் கூடாது, காலி செய்யும்போது எடுத்துவிட வேண்டும் என்று எழுத்தில் பதில் வந்தது. அடியில் தகடு போடுவதைப் பற்றிப் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். கீழ்வீட்டு அம்மாவும் தனியாக எழுதுவதாகச் சொன்னார்.

இனி மிச்சம் இருப்பது மகள்தான். கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவிலும், கீழ்க்கம்பிக்கு அடியிலும் பொம்மைகளை வெளியே தள்ளுகிறாள். அதற்கு என்ன செய்யலாம்?

கீழ்த்தளம்_கேரி:

விதிப்படி நாலு அங்குல உருண்டை நுழையாத அளவுக்குக் கம்பி இடைவெளி இருக்க வேண்டும், அதனால் குழந்தை நுழையாது, ஆனால் கார் பொம்மை எல்லாம் தாராளமாகப் போகும். கைப்பிடிக்குக் கட்டும் வலை விற்கிறார்கள், பிளாஸ்டிக் ஷீட்டும் இருக்கிறது. வலைதான் நல்லது, காற்றடித்தால் ஷீட் பாய்மரம் மாதிரி இழுக்கும். கீழ்க்கம்பியையும் தாண்டித் தரை வரை இறங்கும் உயரம் வாங்கி, ஜிப் டை போட்டுக் கட்டுங்கள். ஜிப் டையின் வெட்டிய முனை வெளிப்பக்கம் இருக்கட்டும், உள்பக்கம் இருந்தால் குழந்தையின் கையைக் கிழித்துவிடும். வெயிலில் ஒரு வருஷத்தில் அது நொறுங்கிப் போகும், கறுப்பு நிறத்தில் வெயில் தாங்கும் ரகம் கேட்டு வாங்குங்கள். கைப்பிடிக்குப் பக்கத்தில் ட்ரே, தொட்டி, ஸ்டூல் எதுவும் வேண்டாம், இரண்டு வயதில் அதன் மேல் ஏறிவிடுவாள். கைப்பிடியில் மாட்டும் பூந்தொட்டி இருந்தால் அதையும் உள்பக்கமாக மாட்டுங்கள்.

பச்சைத்தொட்டி:

துளசி இருக்கிறது என்றீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அத்தை துளசித்தொட்டி மண்ணிலேயே ஊதுவத்தி குத்தி வைப்பார் என்றால் அதை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். காய்ந்த பீட் கலந்த தொட்டிமண் தீப்பிடிக்கும், சுவாலை இல்லாமல் உள்ளுக்குள்ளேயே மணிக்கணக்கில் கனன்று, அப்புறம் பிளாஸ்டிக் தொட்டி உருகிப் பலகைக்கு வரும். சிகரெட்டைப் பூந்தொட்டியில் அணைத்துவிட்டுப் போய் அபார்ட்மென்ட் டெக் எரிந்த செய்தி இந்த நாட்டில் அடிக்கடி வரும். ஊதுவத்தியை வீட்டுக்குள் மணல் நிரப்பிய பித்தளைக் கிண்ணத்தில் குத்தச் சொல்லுங்கள். கார்த்திகைக்கு டெக்கில் அகல் வரிசை வைக்க ஆசைப்படுவார், மரக் கட்டடத்தில் எரியும் விளக்கு வெளியே வேண்டாம், எண்ணெய் சொட்டினாலும் அந்த இடுக்கு வழியாகக் கீழேதான் போகும். டெக்குக்குப் பேட்டரி அகல் வைத்துவிட்டு உண்மை விளக்கை உள்ளே டைல் தரையில், எவர்சில்வர் தாம்பாளத்தில் ஏற்றலாம்.

ராத்திரி 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போக ஆரம்பித்ததும் கறிவேப்பிலையையும் மல்லிகையையும் உள்ளே எடுத்துவிடுங்கள், அக்டோபரில் வானிலையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே கொண்டு வருவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே தண்ணீரை நிறுத்திவிட்டால் தொட்டி தூக்க லேசாக இருக்கும். தெற்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் அங்கே வையுங்கள், அதே ட்ரே கார்ப்பெட்டுக்கும் ஆகும்.